வாசலில் பதில் சொன்னவள்

மாத்திரையை நாக்கில் வைத்து, வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்ட நேரத்தில்தான் தங்கை கேட்டாள். செல்போன் சமையல் மேடைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது.

"அக்கா, சாயங்காலம் நான் வரட்டுமா? சும்மா கொஞ்ச நேரம். ஒரே ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போயிடறேன்."

"அப்புறம் பார்க்கலாம்."

"சரிக்கா," என்றாள் தங்கை. ஏமாற்றத்தை மறைக்க அவளுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. போன் அணைந்தது.

வாயிலிருந்த தண்ணீர் இன்னும் வாயில்தான் இருந்தது.

மாத்திரை கரைந்து நாக்கின் ஓரமெல்லாம் கசந்த பிறகுதான் விழுங்க வேண்டும் என்பதே அவளுக்கு நினைவு வந்தது. விழுங்கினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கழுவின டம்ளரையே மறுபடி எடுத்துக் கழுவினாள். பதில் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடித்திருப்பேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேறு எப்படி? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? குரலும் அவளுடைய குரல்தான். அந்த லேசான கரகரப்பு, கடைசி எழுத்தை இழுக்காமல் வெட்டிவிடும் அந்தத் தோரணை, எல்லாம் அவளுடையதுதான்.

ஆனால் அது மேடைப் பக்கமிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், நடு அறைப் பக்கமிருந்து வந்தது.

அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பெயர் பிரேக்கம்மா. கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்க்க, பக்கத்து சீட்டில் இவள் பாட்டுக்குக் கடலை கொறித்துக்கொண்டு, காலடியிலிருக்கும் தன் தனி பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பயப்படாதீங்க. நீங்க என்னைக் கொல்ல முடியாது. உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் முயற்சி பண்ணிப் பார்த்துட்டாங்க!" என்பது முதல் நாள் பாடம். பல வருஷப் பழக்கத்தில், சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திடுக்கென்றால் அவளுடைய வலது கால் தரையை அழுத்தி மிதிக்கும்.

இப்போதும் மிதித்துக்கொண்டிருந்தது.

போன வாரம்தான் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னாள். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் மெலிந்து வீங்கியிருக்கிறது.

"டயர் ஓரத்துல புடைச்சுக்குமே, அந்த மாதிரியா?"

டாக்டர் சின்னப் பெண். சிரிக்கவில்லை. "அதே மாதிரிதான். வெடிக்கிறதுக்கு முன்னாடி மாத்திடணும். திங்கக்கிழமை ஆபரேஷன். அதுவரைக்கும் வண்டி எடுக்காதீங்க, எதையும் தூக்காதீங்க."

"அதுக்குள்ள வெடிச்சுட்டா?"

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டாள். "வெடிக்காதுன்னு நினைப்போம்."

அன்றிலிருந்து தங்கை தினமும் வந்தாள். அவளைச் 'சின்னவளே' என்றுதான் கூப்பிடுவது, அவளுக்கும் தலை நரைத்துவிட்டது என்றாலும். அவள் கணவர் ஒரு சிறிய சபையின் போதகர். நேற்று மதியம், மடித்த துணியை அலமாரியில் வைத்தபடியே சின்னவள் ஆரம்பித்தாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவர்கிட்ட பேசிடேன்க்கா."

"யார்கிட்ட, சர்ஜன்கிட்டயா? பேசியாச்சு."

"விளையாடாதே."

"இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவ இப்போ போய் நின்னா உங்க ஆண்டவர் என்ன நினைப்பார்? வண்டி பள்ளத்துல இறங்கும்போது மட்டும் பிரேக்கைத் தேடற ஆளைப் பார்த்து நான் என்ன நினைப்பேனோ, அதைத்தான்."

"நீ திட்டுவே. ஆனா திட்டிக்கிட்டே உன் பிரேக்கை மிதிச்சு அந்த ஆளைக் காப்பாத்துவே இல்ல?"

மாட்டிக்கொண்டால் வழக்கமாகச் செய்வதை அவள் செய்தாள். சிரித்தாள். பிறகு அழுத்தமாகச் சொன்னாள்: "நான் பயந்து முழங்கால் போடறவ இல்ல, சின்னவளே. ஆபரேஷன் முடியட்டும். நல்லாயிட்டு நானே வந்து உங்க சபையில முன் பெஞ்சுல உக்கார்றேன்."

"முடியறதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா? போய் உன் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போடு."

சின்னவள் வாசற்படியில் நின்று செருப்பை மாட்டினாள். தலை நிமிராமலே சொன்னாள்: "அப்பா வேறக்கா. அவர் வேற."

அப்பா. சபையில் மூப்பர், ஊருக்கு நல்லவர். வீட்டில் இடுப்பு பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பெண்கள் இரண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபத்தைப் பிசகாமல் சொல்கிறார்களா என்று பார்ப்பவர். சின்னவள் அழுதுகொண்டே சொல்லுவாள். இவள் ஒரு நாள், ஜெபத்தின் நடுவில் எழுந்து நின்றுவிட்டாள். அவ்வளவுதான். அடி விழுந்தது, உட்காரவில்லை. மறுபடி விழுந்தது, உட்காரவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்தவர் அப்பாதான். தன் வாழ்க்கை அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பித்ததாக அவள் நினைத்துக்கொள்வதுண்டு. கட்டினவன் வேறு ஊரில் வேலை என்று போய்த் திரும்பாமலிருந்தபோது அவள் நின்றதும், கடன் வாங்கி முதல் காரை எடுத்ததும், எல்லாம் அன்றைக்கு நின்ற அந்தக் காலில்தான்.

அந்தக் காலை இனி மடக்குவதாவது!

மேகம் கவிந்ததால் இன்று பொழுது சீக்கிரமே மங்கியது. அவள் ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய துணியால் தன் டிரைவிங் ஸ்கூல் போர்டின் எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள், குழாயில் சொட்டும் தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து விழுந்து நிரம்பி வழியத் தொடங்கியது, சுவர்க் கடிகாரம் தன் வேலையைப் பார்த்தது. இந்தச் சத்தங்களெல்லாம் அவளுக்குத் தெரிந்தவை, தூக்கத்திலும் அடையாளம் சொல்லக்கூடியவை. அவற்றுக்கு நடுவே இன்னொன்று கேட்டது. நீளமாக, மெல்ல, காற்று இறங்குகிற சத்தம். ரெக்ஸின் மெத்தையில் ஒருவர் முழு எடையையும் போட்டு உட்காரும்போது தையல் ஓட்டைகள் வழியாக மெத்தை விடுகிற பெருமூச்சு.

நடு அறையில் அந்த மாதிரி ஒரு இருக்கை உண்டு. அவளுடைய முதல் காரை உடைக்கக் கொடுத்தபோது, தான் உட்கார்ந்திருந்த பக்கத்து சீட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து இரும்புக் கால் வைத்துப் போட்டிருந்தாள். அதில் அவளைத் தவிர யாரும் உட்காருவதில்லை.

வாசனையும் வந்தது. வெயிலில் நாள்கணக்கில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, சூடான ரப்பரும் பழைய வேர்வையும், யாரோ எப்போதோ கொட்டின சென்ட்டும் கலந்த அந்த மூச்சடைப்பு. வாசல் கதவும் ஜன்னலும் திறந்திருந்தும் அது போகவில்லை. கனத்தது.

"எலியா இருக்கும்," என்றாள் சத்தமாக. "உக்காந்து பெருமூச்சு விடற எலி."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவள் சொல்லி முடிப்பதற்கு ஒரு நொடி முன்பே.

அவள் போனை எடுத்தாள். சின்னவளின் எண் வேறொரு அழைப்பில் இருந்தது. காத்திருந்தாள். திரும்ப அழுத்தினாள். மணி போனதும் சின்னவள் எடுத்துவிட்டாள்.

"என்னக்கா? இப்பத்தானே பேசிட்டு வெச்சே?"

"யார் வெச்சா?"

"நீதான். 'உனக்கு வேற வேலையே இல்லையா, ஆபரேஷன் முடியட்டும், நானே வந்து முன் பெஞ்சுல உக்கார்றேன்'னு சொன்னியே. அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் வராதேன்னு…"

சின்னவள் குரல் உடைந்திருந்தது. அழுதிருக்கிறாள்.

"எந்த நம்பர்ல இருந்து பேசினேன்?"

"உன் நம்பர்தான். ஏன்க்கா இப்படிக் கேக்கறே?"

பிரேக்கம்மா நடு அறையின் வாசலைப் பார்த்தாள். திரை தொங்கிக்கொண்டிருந்தது. திரையின் கீழ்ப்பக்கம், தரைக்கும் துணிக்கும் நடுவிலிருந்த இடைவெளியில், இருட்டு. அந்த இருட்டில் ஒரு பாதம். வலது பாதம். நிதானமாகத் தரையை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது.

"சின்னவளே, நீ வா."

"அக்கா?"

"இப்பவே வா. உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுட்டு வா, இல்லாட்டித் தனியா வா. நான் வராதேன்னு சொன்னாலும் வா. என்ன சொன்னாலும் கேக்காதே. புரியுதா?"

"அக்கா, நெஞ்சு வலிக்குதா?"

"வாடீ!"

போனை வைத்தாள். ஒருவித நிம்மதி. அதற்குப் பின்னாலேயே, பள்ளிக்கூடத்து நாட்களிலிருந்து அவளுக்குப் பழக்கமான அந்தக் கொதிப்பு. யார் வீட்டில் வந்து யார் உட்கார்வது? போர்டு துடைத்த துணியைக் கீழே எறிந்தாள். எழுந்து போய்த் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். வளையங்கள் கிறீச்சிட்டன.

சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து. அவளுடைய அதே வெளிறிய பச்சைச் சேலை. அதே கொண்டை, கொண்டையிலிருந்து நழுவின அதே முடிக்கற்றை. இவள் மூச்சு இழுக்கும்போது அந்தத் தோள்கள் ஏறின. இவள் மூச்சை நிறுத்தினாள். அந்தத் தோள்கள் நிற்கவில்லை.

"யாருடி நீ?"

"நான் பயந்து முழங்கால் போடறவ இல்ல," என்றது அவளுடைய குரல்.

"எழுந்திரு. என் வீட்டை விட்டு வெளிய போ."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"சொல்றது கேக்கலையா?"

"அப்புறம் பார்க்கலாம்."

அவளுக்கு அப்போது விளங்கியது, குளிர்ந்த தண்ணீர் முதுகில் இறங்குவதுபோல. அதற்குச் சொந்தமாக ஒரு சொல்கூட இல்லை. அது பேசுவதெல்லாம் இவள் பேசியது. தங்கையைத் துரத்தவும், தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்ளவும், நாளைக்கு என்று தள்ளவும் இவள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வைத்தவை. அதைக் கேட்டுக்கொண்டே இத்தனை காலம் அது எங்கே உட்கார்ந்திருந்தது? அவள் நிமிர்ந்து நின்றபோதெல்லாம் முதுகைத் தாங்கிப் பிடித்தது எது?

"ஆபரேஷன் முடியட்டும்," என்றது அது, ஒரு குழந்தையைத் தூங்கவைக்கும் பரிவோடு. "ஆபரேஷன் முடியட்டும். ஆபரேஷன் முடியட்டும்."

"அது முடியப் போறதில்லைன்னு உனக்குத் தெரியும், இல்ல?" என்றாள் பிரேக்கம்மா. "அதான் இவ்வளவு கொஞ்சறே."

அது பேசுவதை நிறுத்தியது.

குழாய்ச் சொட்டு நின்றிருந்தது. கடிகாரமும். வீடு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் வலி வந்தது. அதை வலி என்று சொல்ல முடியாது. முதுகுக்கு நடுவில் யாரோ இரண்டு கையாலும் ஒரு தடித்த துணியைப் பிடித்து, மேலிருந்து கீழாக, சத்தம் வரக் கிழித்த மாதிரி. அவள் கதவு நிலையைப் பிடித்தாள். பிடி நழுவியது. ஹாலின் தரை குளிர்ச்சியாகக் கன்னத்தில் வந்து ஒட்டியது. கையை ஊன்றி ஊன்றி ஜன்னல் வரைக்கும் வந்தாள். தெருவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

ஸ்கூட்டர் சத்தம். கேட்டுக்கு வெளியே நின்றது. சின்னவள் தனியாகத்தான் வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

"சின்னவளே!" என்று கத்தினாள்.

கத்தினது வாய் மட்டும்தான். சத்தம் வரவில்லை. தொண்டையில் சத்தம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

விலகிக் கிடந்த திரையைத் தாண்டிக்கொண்டு அது வந்தது. அவளைத் தாண்டிப் போனது. சேலைத் தலைப்பு அவள் நெற்றியில் உரசியது. அவளுடைய சோப்பு வாசனை அடித்தது. வாசல் கதவை வெளிப்பக்கமாகச் சாத்திக்கொண்டு, படியில் நின்றது.

"என்னடி, பறந்துக்கிட்டு வர்றே?"

"நீதானேக்கா உடனே வான்னே! குரலே சரியில்லையே, நான் பயந்தே போயிட்டேன்."

"சும்மா சொன்னேன். உன்னைப் பயமுறுத்தலாம்னு."

இதையும்தான் அவள் சொல்லியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை!

ஜன்னல் கம்பி வழியாக எல்லாம் தெரிந்தது. சின்னவள் நெஞ்சில் கைவைத்து, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். "இதுலகூடவா விளையாடுவே? என்ன சொன்னாலும் கேக்காதேன்னு சொன்னியே, அதனாலதான்…" அவள் கண்கள் எதிரிலிருந்த முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தன. ஒரு நொடி, ஒரே நொடி, அவள் புருவம் சுருங்கியது. "உன் கண்ணு ஏன்க்கா இப்படி இருக்கு?"

பார். பாரடி. நல்லாப் பார்.

பிரேக்கம்மா விரல்களால் ஜன்னல் பலகையைச் சுரண்டினாள். நகம் மடங்கியது. வலிக்கக்கூட இல்லை.

"தூக்கம் இல்ல," என்றது அது. ஒரு கையைச் சின்னவளின் தோளில் போட்டது. அந்த அணைப்பைப் பார்த்ததும் பிரேக்கம்மாவுக்கு அழுகை வந்தது. அவள் தங்கையைத் தோளில் கைபோட்டு அணைத்து வருஷங்கள் ஆகியிருந்தன. சின்னவள் அப்படியே கரைந்துபோனாள்.

"ஒரு நிமிஷம் உள்ள வந்து ஜெபம் பண்ணிட்டுப் போயிடறேனேக்கா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"அப்புறம் பார்க்கலாம்."

"நீ உடனே கூப்பிட்டதும் நான் என்னவோ நினைச்சுட்டேன். ஆண்டவர் உன் மனசைத் தொட்டுட்டார்னு…"

"நல்லாயிட்டு நானே வந்து முன் பெஞ்சுல உக்கார்றேன். நீ போய் உன் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போடு."

இரண்டு பேரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். தோளில் போட்ட கை எடுக்கப்படவில்லை. மழை தூற ஆரம்பித்திருந்தது. சின்னவளின் ஹெல்மெட்டில் துளிகள் மின்னின. பக்கத்தில் நடந்த அதன் தலைமுடி நனையவில்லை.

உள்ளே, தரையில், அவள் யோசித்தாள். யோசிக்க நேரம் இல்லை என்பதும் தெரிந்தது. வயிற்றுக்குள் சூடாக ஏதோ நிரம்பிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் மரத்தன. பார்வையின் ஓரங்கள் பழுப்பேறி உள்வாங்கின.

எழுந்து நிற்க முடியாது. விழுந்து கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் அது திரும்பி வந்து பார்த்துச் சிரிக்கும். தோற்றவளாகப் பார்க்கும்.

மாட்டேன்.

இரண்டு கைகளையும் ஊன்றினாள். ஒரு காலை இழுத்தாள். மறு காலை இழுத்தாள். முதுகு மறுபடி கிழிந்தது. கிழியட்டும். ஜன்னல் பலகையைப் பிடித்து உடம்பை நிமிர்த்தினாள். முழங்கால்கள் இரண்டும் தரையில் இருந்தன. எந்தப் பெல்ட்டும் மடக்க முடியாத முழங்கால்கள். அவளே மடக்கினாள். வீட்டிலிருந்த அது என்ன விரும்பியதோ அதற்கு நேர் எதிராக மடக்கினாள்.

பயமாகத்தான் இருந்தது. வாய் வறண்டு, பற்கள் அடித்துக்கொள்ளும் பயம். ஆமாம், பயந்துதான் வருகிறேன், என்று மனசுக்குள் கத்தினாள். பயந்துதான். கடைசி நேரத்தில்தான். வெட்கங்கெட்டுத்தான். வந்தால் ஏற்பாரா மாட்டாரா, அது அவர் பாடு. போகக் கூடாது என்று சொல்ல இது யார்?

வெளியே ஸ்கூட்டர் கிளம்பியது.

கேட்டின் கொண்டி விழுந்தது.

சின்னவள் ஜெபத்தில் கூப்பிடும் பெயரில் 'அப்பா' என்கிற சொல் ஒட்டியிருக்கும். அது இவளுக்கு வராது. வேறு பெயரைத் தேடினாள். 'ஆண்டவரே' என்பது போதும். அதை எடுத்துத் தொண்டைக்குக் கொண்டுவந்தாள். சத்தம் இல்லை. உதட்டால் சொன்னாள். ஆ. ஆண்.

கதவு திறந்தது. ஈரம் இல்லாத பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து வந்தன. பக்கத்தில் வந்து நின்றன. வெகுநேரம் நின்றன.

பிறகு அது அவளுக்கு எதிரில், மெதுவாக, மூட்டு மளுக்கென்று சத்தமிட, குனிந்து உட்கார்ந்தது. அவளுடைய முகம். அவளுடைய மூக்குத்தித் தழும்பு. கண்கள் இருந்த இடத்தில் கண்கள் இருந்தன. ஆனால் அவை எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"அப்புறம்," என்றது. கெஞ்சியது. "அப்புறம். அப்புறம். அப்புறம்."

அவள் கண்ணை மூடவில்லை. தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

அது தன் இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து அவள் வாயின்மேல் வைத்தது. வெதுவெதுப்பான கைகள். ஸ்டியரிங் தேய்த்துக் காய்த்துப்போன, அவளுடைய கைகள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மூக்கையும் சேர்த்து, நிதானமாக அழுத்தியது.

அந்தக் கைகளுக்கு அடியில் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.